எங்கள் பாட்டு எல்லாருக்கும் ஆனபோது

1994 மே மாதத்தில் ஓர் இரவு, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள பெர்க்லி நகரில், ஜெல்லோ பியாஃப்ரா என்ற பாடகரைச் சிலர் சேர்ந்து அடித்துப் போட்டார்கள். காலில் பலத்த காயம். அடித்தவர்கள் வெளியூர் ரவுடிகள் இல்லை. அவர் எந்த பங்க் இசையைக் கேட்க வந்திருந்தாரோ அதே இசையைக் கேட்க வந்தவர்கள். ஆட்டத்தின் நடுவே ஒருவர்மேல் ஒருவர் மோதியதில் தொடங்கிய தகராறுதான். ஆனால் அடிக்கும்போது அவர்கள் கத்தியது, ‘விலைபோன ராக் ஸ்டார்’ என்று. டெட் கென்னடிஸ் குழுவில் பாடிப் பெயர் பெற்ற பியாஃப்ரா எந்தப் பெரிய கம்பெனியோடும் ஒப்பந்தம் போட்டவர் அல்ல. சொந்தமாக ஒரு சிறிய இசைத்தட்டு நிறுவனத்தை நடத்திவந்தவர். அவரை விலைபோனவர் என்று சொல்ல ஓர் ஆதாரமும் கிடையாது. ஆனாலும் அந்த வருடம் அந்த ஊரில் அந்தச் சொல் எல்லார் வாயிலும் இருந்தது. பெயர் வெளியே தெரிந்த எவர்மீதும் அது வந்து விழக்கூடியதாக இருந்தது.

ஒரு கலைஞன் பிரபலமாவதை அவனுடைய முதல் ரசிகனே வெறுப்பது உலகெங்கும் நடப்பதுதான். யாருக்கும் தெரியாத ஒரு குழுவை ஐம்பது பேரில் ஒருவராக நின்று கேட்டவர், அதே குழுவை ஐம்பதாயிரம் பேர் கேட்கும்போது கொண்டாட வேண்டும் என்றுதான் வெளியிலிருப்பவர்கள் எதிர்பார்ப்பார்கள். தன் ரசனை சரி என்று ஊரே ஒப்புக்கொண்டுவிட்டதே! ஆனால் அவர் முகம் சுளிக்கிறார். ‘முன்னால் இருந்த மாதிரி இல்லை’ என்கிறார். சில சமயம் அந்தக் கலைஞனைத் துரோகி என்றே சொல்கிறார். இதற்கு வழக்கமாகத் தரப்படும் விளக்கம் ஒன்றுதான்: அது வெறும் மேட்டிமை, தனக்கு மட்டுமே தெரிந்த ஒன்று ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டதே என்ற எரிச்சல். இந்த விளக்கத்தில் உண்மை இருக்கிறது, ஆனால் பாதி உண்மைதான். அந்த ரசிகர் பறிகொடுத்தது பெருமையை மட்டும் அல்ல, ஒரு வேலையை, ஓர் இடத்தை என்பது என் கருத்து. பெர்க்லியில் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் இது விளங்கும்.

பியாஃப்ரா அடிபட்ட இடம், கில்மன் தெருவில் 924ஆம் எண் கொண்ட கட்டடம். 1986ஆம் ஆண்டின் கடைசி நாளன்று அங்கே ஓர் இசைக்கூடம் தொடங்கியது. ‘மாக்ஸிமம் ராக்அண்ட்ரோல்’ என்ற பங்க் சிற்றிதழை நடத்திய டிம் யோஹானனும் நண்பர்களும் சேர்ந்து ஆரம்பித்தது அது. மது கிடையாது, ஆகவே எந்த வயதுக்காரரும் உள்ளே வரலாம். இனவெறி, பெண்களை இழிவுபடுத்துதல், ஒருபாலினத்தவரை இழிவுபடுத்துதல், போதைப்பொருள், அடிதடி எதற்கும் இடமில்லை என்று சுவரில் பெரிய எழுத்தில் எழுதிவைத்திருந்தார்கள். ஆண்டுக்கு 2 டாலர் சந்தா கட்டினால் உறுப்பினர் அட்டை. சம்பளத்துக்கு ஆள் வைத்து நடத்தப்பட்ட இடம் அல்ல. வாசலில் டிக்கெட் கிழித்தவர், ஒலிப்பெட்டியைத் தூக்கி வைத்தவர், நிகழ்ச்சி முடிந்து தரையைக் கூட்டியவர் எல்லாருமே பாட்டுக் கேட்க வந்த பிள்ளைகள்தான். எந்தக் குழுவை அழைப்பது, எந்த விதியை மாற்றுவது என்பதை உறுப்பினர் கூட்டத்தில் கையைத் தூக்கி முடிவுசெய்தார்கள். 1988இல் யோஹானன் களைத்துப்போய் இடத்தை மூடிவிட்டபோது, அந்த இளைஞர்களே சில வாரங்களில் அதை எடுத்து மறுபடியும் நடத்தத் தொடங்கினார்கள். இங்கே ரசிகர் என்பவர் யார், கலைஞர் என்பவர் யார் என்று கோடு போட்டுப் பிரிப்பது சிரமம். இன்று மேடையில் கிட்டார் வாசிப்பவன் நாளை வாசலில் உட்கார்ந்து காசு வாங்குவான்.

அந்த மேடையில் வளர்ந்த குழுக்களில் ஒன்றுதான் கிரீன் டே. பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங், மைக் டர்ன்ட் இருவரும் அங்கே வரத் தொடங்கியபோது பதின்ம வயதுப் பள்ளி மாணவர்கள். ‘லுக்அவுட்’ என்ற உள்ளூர் நிறுவனம் அவர்களுடைய முதல் இரண்டு இசைத்தட்டுகளையும் வெளியிட்டது. பிறகு 1993இல் அவர்கள் வார்னர் குழுமத்தைச் சேர்ந்த ‘ரிப்ரைஸ்’ கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார்கள். பெரிய கம்பெனிகளோடு ஒப்பந்தம் உள்ள குழுக்கள் கில்மனில் வாசிக்கக் கூடாது என்பது அங்கே விதி. அந்த ஆண்டின் செப்டம்பரோடு அவர்களுக்கு அந்த மேடை இல்லாமல் போனது. 1994 பிப்ரவரியில் ‘டூக்கி’ ஆல்பம் வந்தது. அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. கில்மன் சுவர்களில் பில்லி ஜோவைச் சபித்து எழுதினார்கள். நேற்றுவரை தோளில் கைபோட்டவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு வெளியான ஆல்பத்தில், திரும்பிவர முடியாத அந்த வாசலைப் பற்றியே ஒரு பாட்டு வைத்தார் அவர்.

இசை மாறிப்போனதால்தான் கோபம் வந்தது என்று பல ரசிகர்கள் சொல்வார்கள். பிரபலமானபின் தரம் குறைந்துவிட்டது, காசுக்காகப் பாட்டை இனிப்பாக்கிவிட்டார்கள் என்பது எங்கும் கேட்கும் குற்றச்சாட்டு. சில கலைஞர்கள் விஷயத்தில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் கிரீன் டே விஷயத்தில் இதைச் சோதித்துப் பார்க்க ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. ‘வெல்கம் டு பாரடைஸ்’ என்ற பாட்டு, லுக்அவுட் வெளியிட்ட ‘கெர்ப்ளங்க்’ ஆல்பத்திலும் உண்டு, ரிப்ரைஸ் வெளியிட்ட ‘டூக்கி’யிலும் உண்டு. அதே வரிகள், அதே மெட்டு, பாடியவர்களும் அதே மூவர். இரண்டாவது முறை பதிவுசெய்த ஸ்டுடியோவும் அதே பெர்க்லியில்தான் இருந்தது. ஒலி கொஞ்சம் துலக்கமாகக் கேட்கிறது, அவ்வளவுதான். முதல் வடிவத்தை மனப்பாடமாகப் பாடிய சிலர் இரண்டாவது வடிவத்தைத் துரோகத்தின் அடையாளமாகக் கேட்டார்கள் என்றால், அவர்கள் காதில் மாறியது பாட்டு இல்லை. அந்தப் பாட்டோடு அவர்களுக்கு இருந்த உறவு.

அந்த உறவு எப்படி மாறியது என்பதற்கு 1994 ஆகஸ்டில் நடந்த வுட்ஸ்டாக் இசை விழாவைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. நியூயார்க் மாநிலத்தின் சாகர்டீஸில் மழையால் சேறாகிக் கிடந்த திடலில் கிரீன் டே வாசித்தது. கூட்டத்திலிருந்தவர்கள் சேற்றை வாரி மேடைமேல் எறிந்தார்கள், குழுவினரும் திருப்பி எறிந்தார்கள். ரசிகர்கள் மேடையேறினார்கள். காவலுக்கு நின்ற ஓர் ஆள், சேறு அப்பிக் கிடந்த மைக் டர்ன்டையும் அத்துமீறி ஏறிய ரசிகர் என்று நினைத்து அழுத்திப் பிடித்துத் தள்ளியதில் அவருடைய பல் உடைந்தது. தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு இது வேடிக்கை. ஆனால் நடந்ததை யோசித்துப் பாருங்கள். கில்மனில் ரசிகனுக்கும் கலைஞனுக்கும் வேறுபாடு இல்லை, அதனால் யாரும் யாரையும் மேடையிலிருந்து தள்ள வேண்டியதில்லை. வுட்ஸ்டாக்கிலும் பார்வைக்கு வேறுபாடு தெரியவில்லை. ஆனால் அங்கே அந்த வேறுபாட்டைக் காப்பதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் நிறுத்தப்பட்டிருந்தார்கள். கில்மனில் அவர்கள் கடைசியாக வாசித்ததற்கும் இதற்கும் நடுவில் ஓராண்டுகூட முழுதாக இல்லை.

பழைய ரசிகர் இழந்தது இதைத்தான். கல்யாண வீட்டில் முந்தின நாள் ராத்திரியெல்லாம் காய் நறுக்கி, பந்தி பரிமாறியவனை, மறுநாள் மண்டபத்து வாசலில் அழைப்பிதழ் எங்கே என்று கேட்டால் அவனுக்கு எப்படி இருக்கும்? சாப்பாடு ஒன்றும் குறைந்துவிடாது. அவனுக்கும் இலை போடுவார்கள். ஆனால் நேற்றுவரை அது அவன் வீட்டுக் கல்யாணம், இன்று அவன் விருந்தாளி. சிறிய குழுவின் ரசிகர் டிக்கெட் விற்கிறார், நோட்டீஸ் ஒட்டுகிறார், கைப்பத்திரிகையில் எழுதுகிறார், வெளியூரிலிருந்து வந்த குழுவுக்குத் தன் வீட்டில் படுக்க இடம் தருகிறார். அவர் வராவிட்டால் அந்த நிகழ்ச்சிக்கு நிஜமாகவே ஒரு குறை உண்டு. பெரிய அரங்கில் அவர் வந்தாலும் வராவிட்டாலும் கணக்கில் ஒரு நாற்காலிதான் வித்தியாசம். பங்காளியாக இருந்தவர் வாடிக்கையாளர் ஆகிறார். இந்த இறக்கத்தை அவரிடம் யாரும் சொல்லிவிட்டுச் செய்வதில்லை, அவரும் அதற்குப் பெயர் வைக்கத் தெரியாமல் ‘பாட்டு முன்போல இல்லை’ என்கிறார். தமிழில் சிற்றிதழ் வாசகர்களின் உலகம் தெரிந்தவர்களுக்கு இந்தக் குரல் பழக்கப்பட்டதுதான். சந்தா சேர்த்துக் கொடுத்துத் தாங்கிய எழுத்தாளர் வணிக இதழில் தொடர் எழுதத் தொடங்கும்போது எழும் முணுமுணுப்பும் இதே ரகம்.

இனி அந்த மேட்டிமை வாதத்துக்கு வருவோம். அதற்குச் சான்றுகள் வலுவானவை, ஒதுக்கிவிட முடியாது. ரசனை என்பது நம்மைப் பிறரிடமிருந்து பிரித்துக் காட்டும் கருவி என்று பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியூ 1979இல் விரிவாக எழுதினார். பிரிட்டனின் நடன அரங்குகளில் ஆய்வு செய்த சாரா தார்ன்டன், இளைஞர்கள் ‘யாருக்கும் தெரியாததைத் தெரிந்துவைத்திருப்பதை’ ஒரு மூலதனம்போலச் சேர்க்கிறார்கள் என்று 1995இல் வந்த தம் நூலில் காட்டினார். எல்லாரும் தெரிந்துகொண்டதும் அந்த மூலதனத்தின் மதிப்பு சரிகிறது. ஜோனா பெர்கரும் சிப் ஹீத்தும் 2008இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விடுதி மாணவர்களுக்கு மஞ்சள் நிறக் கைப்பட்டை கொடுத்தார்கள். சில நாள் கழித்து, ‘படிப்பாளிகள்’ என்று கேலி செய்யப்பட்ட பக்கத்து விடுதிக்கும் அதையே கொடுத்தார்கள். முதல் விடுதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பட்டையைக் கழற்றிவிட்டார்கள். தான் வைத்திருப்பதை வேறு வகை ஆட்கள் வைத்துக்கொண்டதும் அது பிடிக்காமல் போகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடைக்காது.

ஆனால் இந்த ஆய்வை ஊன்றிப் பார்த்தால் அது எங்கே நின்றுவிடுகிறது என்பதும் தெரியும். பட்டையைக் கழற்றியவர்கள் பட்டைமீது கோபப்படவில்லை. அதைத் தயாரித்தவரைத் துரோகி என்று திட்டவில்லை. சத்தமில்லாமல் கழற்றி வைத்துவிட்டுப் போனார்கள். பெருமைக்காக மட்டும் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருப்பவர் அப்படித்தான் செய்வார், அடுத்த புதிய குழுவுக்குத் தாவிவிடுவார். கில்மனில் இருந்தது அப்படிப்பட்ட விலகல் இல்லை. சுவரில் எழுதும் அளவுக்கு ஆத்திரம், அடிதடிவரை போகும் காயம். பட்டையை இழந்தவனுக்கு அந்த அளவு கோபம் வராது. உறவை இழந்தவனுக்கு வரும். மேட்டிமை ஏன் ரசிகர்கள் விலகுகிறார்கள் என்பதை விளக்குகிறது. ஏன் அவர்கள் வலியோடு விலகுகிறார்கள் என்பதை விளக்கவில்லை.

புகழ்தான் காரணம் என்றால், புகழ் வந்த எல்லாக் கலைஞர்கள்மீதும் பழைய ரசிகர்கள் பாய வேண்டும். அப்படி நடப்பதில்லை. வாஷிங்டன் நகரில் 1987இல் உருவான ஃபுகாஸி குழுவும் பங்க் உலகைச் சேர்ந்ததுதான். அவர்களுடைய இசைத்தட்டுகள் லட்சக்கணக்கில் விற்றன, உலகம் முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் நடத்தினார்கள். ஆனாலும் ‘விலைபோனவர்கள்’ என்ற பட்டம் அவர்கள்மீது ஒட்டவில்லை. குழுவின் இயன் மெக்கே தாமே பங்குதாரராக இருந்து நடத்திய ‘டிஸ்கார்டு’ நிறுவனத்தை விட்டு அவர்கள் போகவில்லை. டிக்கெட் விலையை 5 டாலரை ஒட்டியே பல ஆண்டுகள் வைத்திருந்தார்கள், எந்த வயதுப் பிள்ளையும் வரக்கூடிய அரங்குகளாகத் தேடிப் பிடித்தார்கள். ஒரு சிறிய விஷயம் என்னை மிகவும் கவர்கிறது. கூட்டத்தில் எவனாவது பக்கத்தில் நிற்பவர்களை இடித்துத் துன்புறுத்தினால், மெக்கே பாட்டை நிறுத்துவார், அவனிடம் பேசுவார், கேட்காவிட்டால் 5 டாலர் போட்ட உறையைக் கையில் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார். உறைகளை முன்கூட்டியே தயாராக வைத்திருப்பார்கள். அரங்கில் ஆயிரம் பேர் இருந்தாலும், முன்வரிசையில் நசுங்கும் ஒரு பெண்ணை மேடையிலிருப்பவர் பார்க்கிறார் என்பது இதனால் எல்லாருக்கும் தெரிந்தது. குழு பெரிதானது. ரசிகர் சிறியவர் ஆகவில்லை.

இன்னொரு பக்கம் நம் ஊர் சினிமா ரசிகரைப் பாருங்கள். தன் நாயகனின் படம் கூடுதல் திரையரங்குகளில் ஓடினால் அவர் வருந்துவாரா? அது அவருடைய சொந்த வெற்றி. ஏனென்றால் நட்சத்திரம் எவ்வளவு உயர்ந்தாலும் ரசிகர் மன்றத்தில் அவருக்கு வேலை இருக்கிறது. கட்அவுட் வைக்க வேண்டும், முதல் காட்சிக்கு ஆள் சேர்க்க வேண்டும், வசூலைப் பற்றி எதிர்த்தரப்போடு வாதாட வேண்டும். கூட்டம் கூடக்கூட வேலையும் கூடுகிறது. எம்.ஜி.ஆர். 1972இல் தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டுத் தனிக்கட்சி தொடங்கியபோது அவருடைய மன்றங்களே கட்சியின் அடித்தளமாக நின்றதை நாடறியும். கொரியாவின் பி.டி.எஸ். குழுவின் ரசிகர்களும் இந்த வகையினர்தான். ஓட்டுப் போடுவது, பாடல்களை முறைவைத்துக் கேட்டு எண்ணிக்கையை ஏற்றுவது என்று அவர்களுக்கு ஓயாத பணி. தங்கள் குழு உலகப் பட்டியலில் முதலிடம் பிடித்தால் கண்ணீர் விட்டு மகிழ்கிறார்கள். இந்த வகை ரசிகத்தன்மையில் வேறு கோளாறுகள் உண்டு, அது தனிக் கதை. ஆனால் புகழே ரசிகரின் எதிரி இல்லை என்பதை இவர்கள் நிரூபிக்கிறார்கள். வளரும்போது ரசிகருக்கும் ஒரு பங்கு மிஞ்சினால் அவர் கூடவே வருகிறார்.

கலைஞன் பிழைக்க வேண்டாமா, ரசிகனின் மனக்குறைக்காக அவன் கடைசிவரை பட்டினி கிடக்க வேண்டுமா என்ற கேள்வி நியாயமானது. பில்லி ஜோவின் தந்தை லாரி ஓட்டியவர், மகனுக்குப் பத்து வயதானபோது புற்றுநோயில் இறந்துவிட்டார். தாய் ஓட்டலில் பரிமாறும் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். அந்த வீட்டுப் பையன் வாய்ப்பு வந்தபோது கையெழுத்துப் போட்டதைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, சொல்லவும் கூடாது என்று நினைக்கிறேன். சிறிய நிறுவனம் என்றாலே நேர்மையான நிறுவனம் என்பதும் உண்மையில்லை. உரிமத்தொகை சரியாக வரவில்லை என்பதால் 2005இல் கிரீன் டே தங்கள் பழைய ஆல்பங்களை அந்த லுக்அவுட்டிடமிருந்தே திரும்ப எடுத்துக்கொள்ள நேர்ந்தது. அதேசமயம், பெரிய கம்பெனிகளைப் பற்றிய பங்க் இளைஞர்களின் அச்சம் வெறும் பிடிவாதமும் இல்லை. ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினி 1993இல் ‘தி பாஃப்ளர்’ இதழில் ஒரு கற்பனைக் குழுவின் கணக்கை வரி வரியாகப் போட்டுக் காட்டினார். முன்பணம் இவ்வளவு, ஸ்டுடியோ செலவு இவ்வளவு, மேலாளர் பங்கு, வழக்கறிஞர் கூலி, வண்டிச் செலவு எல்லாம் போக, 2,50,000 பிரதிகள் விற்ற பிறகும் குழுவில் ஒவ்வொருவர் கையிலும் மிஞ்சுவது 4,031 டாலரும் சில்லறையும். கம்பெனிக்கோ லட்சக்கணக்கில் லாபம். பெட்டிக்கடையில் வேலை பார்த்திருந்தால் இதைவிடக் கூடச் சம்பாதித்திருக்கலாம் என்றது அந்தக் கட்டுரை. பங்க் இளைஞர்கள் அதைக் கைக்குக் கை மாற்றிப் படித்தார்கள்.

ஆகவே கோபத்துக்குக் காரணம் இருந்தது, ஆனால் அது போய்ச் சேர்ந்த முகவரி தவறு. அல்பினியின் கணக்கு கம்பெனியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. சுவரில் எழுதியவர்களோ பாடகனை ஏற்றினார்கள். கம்பெனி அதிகாரி கில்மனுக்கு வருவதில்லை, பாடகன்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தான். இதன் விளைவு எவ்வளவு கொடியது என்பதை ஜாபிரேக்கர் குழுவின் கதையில் காணலாம். பெரிய கம்பெனிக்குப் போக மாட்டோம் என்று மேடையிலேயே சொல்லிவந்த குழு அது. பிறகு போனது. 1995இல் ‘டியர் யூ’ ஆல்பம் வெளிவந்தபோது, பழைய ரசிகர்கள் சிலர் நிகழ்ச்சிக்குக் காசு கொடுத்து வந்து, புதுப் பாட்டு தொடங்கியதும் மேடைக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தார்கள். பாடகர் பிளேக் ஷ்வார்ட்ஸன்பாக்குக்கு அதற்கு முன்பே தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. பழையபடி கரகரப்பாகக் கத்திப் பாடாமல் அவர் குரலைத் தணித்துப் பாடியதையும் கம்பெனிக்குப் பணிந்துபோனதாகவே கேட்டார்கள். தட்டும் விற்கவில்லை. 1996இல் குழு கலைந்தது. பிற்பாடு அதே ஆல்பம் புதிய தலைமுறையினரின் அன்புக்குரியதானது. 2017இல் சிகாகோவில் குழு மறுபடி மேடையேறியபோது பெருங்கூட்டம் சேர்ந்து பாடியது. முதுகு காட்டியவர்கள் கம்பெனியைத் துளிகூட அசைக்கவில்லை. தாங்கள் நேசித்த குழுவை இருபது ஆண்டுகளுக்கு இழந்ததுதான் அவர்கள் கண்ட பலன்.

கலைஞனுக்கு அடுத்தபடி திட்டு வாங்குபவர்கள் புதிதாக வந்த ரசிகர்கள். இங்கே நான் பழைய ரசிகர்களோடு கடுமையாகவே மாறுபடுகிறேன். தார்ன்டனின் ஆய்வில் ஒரு விவரம் வருகிறது. நடன அரங்குக்குப் பழகியவர்கள், புதிதாக வருபவர்களைக் கேலி செய்யும்போது யாரைக் கற்பனை செய்தார்கள் தெரியுமா? கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு அதைச் சுற்றி ஆடும் சாதாரண வீட்டுப் பெண்களை. ‘பொதுஜன ரசனை’ என்று ஏளனம் செய்யும்போது பெரும்பாலும் ஒரு பதின்ம வயதுப் பெண்ணின் முகம்தான் அந்த ஏளனத்துக்கு இலக்காகிறது. ‘அந்தக் குழுவின் மூன்று பாட்டுச் சொல் பார்ப்போம்’ என்று அவளிடம்தான் கேட்கிறார்கள். எல்லா வயதினரும் வரலாம் என்று கதவைத் திறந்துவைத்த ஓர் இயக்கத்தின் பிள்ளைகள் இப்படிக் கேட்பது அதன் கொள்கைக்கே முரண். ஆனால் எதிர்ப்பக்கமும் இருக்கிறது. நிர்வானா குழுவின் ‘நெவர்மைண்ட்’ 1992 ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனின் ‘டேஞ்சரஸ்’ ஆல்பத்தை முதலிடத்திலிருந்து இறக்கியது. அந்த ஆண்டின் இறுதியில் வந்த ‘இன்செஸ்டிசைட்’ தொகுப்பின் உறையில், இனவெறியர்களும் பெண்களையும் ஒருபாலினத்தவரையும் வெறுப்பவர்களும் எங்கள் தட்டை வாங்க வேண்டாம், நிகழ்ச்சிக்கும் வர வேண்டாம் என்ற பொருளில் அக்குழுவின் பாடகர் கர்ட் கோபேன் எழுதினார். அவருடைய வேண்டுகோள் ‘புதியவர்’ எவரையும் குறிவைக்கவில்லை, நடத்தையைக் குறிவைத்தது. கூட்டம் பெருகும்போது அதன் கூடவே, பழைய ரசிகர்கள் எந்தக் கொடுமையிலிருந்து தப்பி இந்த இசைக்குள் ஒதுங்கினார்களோ அதே கொடுமையும் உள்ளே வந்துவிடுகிறது என்ற பயம் மெய்யானது. பள்ளியில் தன்னை அடித்தவனே அடுத்த வருடம் தன் குழுவின் சட்டையைப் போட்டுக்கொண்டு எதிரே வந்து நிற்கும்போது ஒரு பையன் அடையும் திகைப்பை மேட்டிமை என்று சொல்வது கல்நெஞ்சம்.

இதெல்லாம் கைப்பத்திரிகையும் நோட்டீஸும் இருந்த காலத்து விஷயம், இன்று ஒருவர் அறையில் தனியாக உட்கார்ந்து கைபேசியில் கேட்கிறார், அவருக்கு என்ன பங்கு, என்ன இழப்பு என்று கேட்கலாம். என் வாதத்துக்கு இதுதான் கடினமான ஆட்சேபம். இழக்க இடமே இல்லாதவரும் இன்று அதே கோபத்தைக் காட்டத்தான் செய்கிறார். பாடகி மிட்ஸ்கியை எடுத்துக்கொள்வோம். சிறு அரங்குகளில் வளர்ந்தவர். பிறகு அவருடைய பழைய பாடல்களின் துண்டுகள் டிக்டாக்கில் பரவி, வேறொரு பெருங்கூட்டம் வந்து சேர்ந்தது. 2022இல், நிகழ்ச்சியின்போது பாடல் முழுவதையும் கைபேசியில் படம்பிடிக்க வேண்டாம் என்று அவர் மென்மையாகக் கேட்டுக்கொண்டதற்கே பெரிய வாக்குவாதம் எழுந்தது. அதே ஆண்டு பாடகர் ஸ்டீவ் லேசியின் ‘பேட் ஹேபிட்’ பாட்டு அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அவருடைய நிகழ்ச்சிகளில் ஒரு வரியை மட்டும் உரக்கப் பாடிவிட்டு மற்ற வரிகளுக்குக் கூட்டம் வாயடைத்து நிற்கும் காட்சிகள் பரவின. நியூ ஆர்லியன்ஸில் அவர்மேல் கேமரா எறிந்தார்கள், கோபத்தில் அவர் ஒரு கேமராவை வாங்கித் தரையில் அடித்து உடைத்தார். பழைய ரசிகர்கள் குமுறினார்கள்.

ஆனால் அவர்கள் எதைச் சொல்லிக் குமுறினார்கள் என்று கவனியுங்கள். ‘இவர்களுக்கும் இந்தப் பாட்டுத் தெரிந்துவிட்டதே’ என்பது அவர்கள் புகார் இல்லை. ‘வந்தவர்கள் கேட்கவில்லை’ என்பதுதான் புகார். சிறு அரங்கில் கேட்பதே ரசிகரின் வேலை. எங்கே அமைதியாக இருக்க வேண்டும், எங்கே சேர்ந்து பாட வேண்டும் என்று கூட்டத்துக்குத் தெரிந்திருந்தது. கலைஞனும் அதை நம்பித்தான் பாடினான். அறையில் தனியாகக் கேட்டவருக்கும் அந்த உடன்பாட்டில் ஒரு பங்கு உண்டு, ஏனென்றால் என்றாவது அந்த அரங்கில் தானும் ஒருவராக நிற்கப்போகிறோம் என்று நினைத்துத்தான் அவர் வரிகளைப் படித்துக்கொண்டார். முப்பது நொடித் துண்டைக் கண்டு வந்தவருக்கு இந்த வழக்கத்தை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர்மேல் குற்றமில்லை. கில்மனில் விதிகள் சுவரில் எழுதியிருந்தன, வாசலில் உட்கார்ந்த பிள்ளை அட்டையைக் கொடுக்கும்போதே அவற்றைக் காட்டியது. இன்றைய செயலிகள் பாட்டைக் கொண்டுவந்து சேர்க்கின்றன, அதைக் கேட்ட சமூகத்தின் வழக்கத்தை வழியிலேயே உதிர்த்துவிடுகின்றன. இதில் வருந்த நியாயம் இருக்கிறது. புதியவரை விரட்ட நியாயமில்லை. பழைய ரசிகர் தன் கோபத்தை அப்படியே ஒரு வேலையாக மாற்றிக்கொள்ளலாம்: பழைய பாடல்களை அடையாளம் காட்டுவது, முதல் நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதிவைப்பது, பக்கத்தில் நிற்பவருக்கு ஒரு சொல் சொல்வது.

கலைஞர்களுக்கும் இதில் செய்ய வேண்டியது உண்டு, செய்தவர்களும் இருக்கிறார்கள். 2015 ஏப்ரலில் கிரீன் டே ராக் இசையின் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டது. அடுத்த மாதமே, தீ விபத்தில் பாதிக்கப்பட்ட உள்ளூர்ப் பதிப்பகத்துக்கும் அச்சகத்துக்கும் நிதி திரட்ட, இருபது ஆண்டுகளுக்கு மேலான இடைவெளிக்குப் பின் கில்மன் மேடையில் வாசித்தார்கள். விதியை மீறியது என்று சிலர் அன்றும் முணுமுணுத்தார்கள். ஆனால் அந்த வருமானம் அவர்களை வளர்த்த ஊருக்குப் போனது. ஃபுகாஸி செய்தது இதைவிட நீடிப்பது. 2002க்குப் பிறகு மேடையேறாத அந்தக் குழு, தன் நிகழ்ச்சிகளில் எண்ணூறுக்கும் மேற்பட்டவற்றின் ஒலிப்பதிவுகளை 2011 முதல் இணையத்தில் வரிசையாக வெளியிடத் தொடங்கியது. விலை 5 டாலர் என்று குறித்திருக்கிறார்கள், முடியாதவர்கள் 1 டாலரும் தரலாம், விரும்பினால் 100 டாலரும் தரலாம். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தேதி, ஊர், அரங்கு, டிக்கெட் விலை எல்லாம் பதிந்திருக்கின்றன. அன்று அங்கே இருந்தவர்கள் தங்களிடம் உள்ள புகைப்படத்தையும் நோட்டீஸையும் நினைவுக் குறிப்பையும் அனுப்பிச் சேர்க்கலாம். அப்படி அனுப்பியவர்களும் பலர். இப்போது அந்தப் பக்கத்துக்கு வரும் பதினாறு வயதுப் பிள்ளை, பாட்டோடு சேர்த்து அவர்கள் எழுதியதையும் படிக்கிறது.